அசையாமல் நிற்கும் குதிரை

காதில் ஓட்டை இருந்தது. மூன்று வாரமாக மருந்து தடவித் தடவிக் கறுத்துக் காய்ந்திருந்த பொருக்கு இன்று காலை பஞ்சோடு சேர்ந்து கழன்று வந்தபோது, குதிரையின் இடது காது நுனியில் கடுகு நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை தெரிந்தது. அதன் வழியாக அந்தப் பக்கத்து வெயிலும் ஒரு பொட்டுத் தெரிந்தது. நாட்ராயன் பஞ்சை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். புழு தின்ற ஓட்டையாக இருக்கும் என்று முதலில் நினைத்தான். நினைத்ததுமே இல்லை என்றும் தெரிந்துவிட்டது. புழு இவ்வளவு வட்டமாகத் தின்னாது, புழுவுக்கு அந்தப் பொறுமை கிடையாது, இது ஊசி குத்திய ஓட்டை, ஊசி குத்தி வேப்பங்குச்சி செருகி ஆறவைத்த ஓட்டை, இதில் ஒரு நீல மணி தொங்கியது, அந்த மணியைக் கோத்த கை யாருடையது என்றும் அவனுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிப் பார்த்தான். வாய்க்குள்ளேயே சொன்னான். உலகத்தில் குதிரை ஆயிரம், காது குத்துகிறவர்கள் ஆயிரம் பேர். குதிரைக்குக் காது குத்துகிறவர்கள் எத்தனை பேர் என்று உள்ளேயிருந்து இன்னொரு நினைப்பு எழுந்து கேட்டது. ஓட்டையைத் தொடப் போன கை பாதியில் நின்றது. ஆளைக் கொன்ற கை, ஒன்பது வருஷமாக எதற்கும் தயங்காத கை, ஒரு கடுகு ஓட்டைக்குத் தயங்குகிறது என்றால் யார் நம்புவார்கள். வயலட் மருந்து கரைத்த தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற சககைதி திரவியம், "என்ன அண்ணாச்சி, இன்னும் புழு நெளியுதா?" என்று கேட்டான். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். குதிரை அசையவில்லை. எப்போதும்போல நான்கு காலையும் சமமாக ஊன்றி, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு நின்றது.

இந்த நிற்பைப் பார்க்கத்தான் மூன்று வாரமாக ஆள் வருகிறது. இது திறந்தவெளிச் சிறை. மதில் கிடையாது, முள்வேலிதான். நன்னடத்தைக்காரர்கள் என்று பெயரெடுத்த தண்டனைக் கைதிகள் நிலக்கடலை போடுவார்கள், கீரை போடுவார்கள். கடலைக்காட்டுக்கு அப்பால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்று உண்டு. வதைபட்டு மீட்கப்பட்ட பிராணிகளை அங்கே கொண்டுவந்து விடுவார்கள், கைதிகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணில் மிளகாய் தேய்த்து லாரியில் ஏற்றிய காளைகள், யாரோ கொதிநீர் ஊற்றிய நாய், வாலை முறித்துவிட்ட எருமை. செய்துவிட்டு வந்தவர்கள் ஒரு பக்கம், செய்யப்பட்டு வந்தவை ஒரு பக்கம், நடுவில் தீவனத்தொட்டி. இந்த ஏற்பாடு யார் மூளையில் உதித்ததோ, அவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும், அல்லது விளையாட்டுக்காரராக இருக்க வேண்டும். அங்கேதான் இந்த வெள்ளைக் குதிரை வந்து இறங்கியது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவனிடமிருந்து பிடுங்கிவந்தது. ஊர்வலப் பட்டாசில் வலது கண் போயிருந்தது, சேணம் அறுத்து முதுகு பிளந்திருந்தது. வந்த அன்று ஒருவரையும் கிட்டே விடவில்லை. மூன்று பேர் கயிறு போட்டு இழுத்தார்கள்; திரவியத்தின் தொடையில் ஒரு உதை விட்டது, அது இன்னும் நீலம் மாறவில்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்த நாட்ராயன் திரும்பிப் பார்த்து, எதையும் யோசிக்காமல், நாக்கை இரண்டு தரம் தட்டி, "ம், நில்லு" என்றான். அவ்வளவுதான். குதிரை நட்ட கம்பம் ஆகிவிட்டது. கொட்டகையே வாயைப் பிளந்தது. டாக்டர் ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இங்கே வாரத்தில் நான்கு நாள் வந்து போகிற கால்நடை மருத்துவர் அவர், சின்ன வயது, எதற்கும் கண் கலங்குவார். "மூணு பேர் பிடிச்சு நிக்காதது உங்க ஒரு குரலுக்கு நிக்குது. அது உங்கள நம்புது நாட்ராயன்" என்றார். நம்புது. அந்தச் சொல்லை நாட்ராயன் அன்றைக்குச் சோற்றோடு சேர்த்து மென்றான். அவனை நம்புகிறேன் என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள்கூட இல்லாமல் இருந்து, கடைசியில் ஒரு குதிரை வந்திருக்கிறது.

நாக்கு எப்படி இரண்டு தரம் தட்டியது, அதை யார் தட்டச் சொன்னது என்று இந்த மூன்று வாரத்தில் ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மலைக்கோயில் அடிவாரத்து பஸ் ஸ்டாண்டில் இருபது வருஷம் குதிரை வண்டி ஓட்டியவன், குதிரையைக் கண்டால் நாக்கு தானாகத் தட்டும், எல்லாக் குதிரைக்கும் அது புரியும் என்று இருந்துவிட்டான். எல்லாக் குதிரைக்கும் புரியாது. அது அவனுக்குத் தெரியும், தெரிந்ததை எடுத்துப் பார்க்கவில்லை. அவனுடைய குதிரை சாம்பல் நிறம். இது வெள்ளை. அந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் நிம்மதியாக இருந்தான். சாம்பல் குதிரை வயதாக ஆக வெளுத்துக்கொண்டே போகும், கடைசியில் பால் மாதிரி ஆகிவிடும், இதை வண்டி ஸ்டாண்டில் எத்தனை பேருக்கு அவனே சொல்லியிருப்பான். ஏனுங்க, எங்கள மாதிரி தலைதான் நரைக்கும்னு பாத்தீங்களா, இதுக்கு உடம்பெல்லாம் நரைக்குமுங்க என்று பக்தர்களைச் சிரிக்கவைத்தவன். அம்மிணி. அவன் பெயர் வைக்கவில்லை, அவனுக்கு அது குதிரை, அவ்வளவுதான். அம்மிணி என்று கூப்பிட்டது அவன் மனைவி வேலாத்தாள். வேலாத்தாள் என்ற பெயர் வந்ததும் நாட்ராயன் சட்டென்று பஞ்சை வாளியில் போட்டான், தண்ணீர் தெறித்தது, மறுபடி எடுத்தான். போலீஸ் அவனைக் கூட்டிப்போன பிறகு மச்சான் வந்து குதிரையை ஓட்டிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டான். அவன் யாருக்கோ கொடுத்து, அவர் யாருக்கோ கொடுத்து, கை மாறிக் கை மாறி வெளுத்து ஒரு கண்ணும் போய் இங்கே வந்து நிற்கிறது. நிற்கிறது.

பத்து மணிக்கு ஜீப் போகும். அதில் டாக்டரம்மாவின் அறிக்கை போகும். திங்கட்கிழமை ஆலோசனைக் குழு உட்காருகிறது. யார் யாரை முன்கூட்டியே விடுதலை செய்யலாம் என்று பார்க்கிற குழு. நாட்ராயன் பெயர் பட்டியலில் இருக்கிறது. போன தடவையும் இருந்தது, மனைவியைக் கொன்றவன் என்று பெயரை அடித்துவிட்டார்கள். இந்தத் தடவை குதிரை வந்து சேர்ந்தது. வதைபட்ட ஒரு ஜீவன் இந்த மனிதனை மட்டும் நம்பி நிற்கிறது, இவரிடம் முன்பிருந்த மூர்க்கம் இப்போது இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை என்று டாக்டரம்மா எழுதி, நேற்று வாசித்தும் காட்டினார். ஆனைமலைப் பக்கம் ஒரு பண்ணையில் பேசியும் வைத்திருக்கிறார். குதிரையை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், பார்த்துக்கொள்ள நாட்ராயன் கூடவே போக வேண்டும், தங்க ஒரு அறை தருவார்கள். குதிரையும் அவனும். அறிக்கையில் அவன் கையெழுத்து மட்டும் போட வேண்டும். கொட்டகைக் கோடியில் மேஜை போட்டு டாக்டரம்மா அதைத்தான் இப்போது சரிபார்த்துக்கொண்டிருக்கிறார், பேனா மூடியைக் கடித்துக்கொண்டு. அவருக்கு ஒரே ஒரு குறைதான். குதிரைக்குச் சிறுநீர் நிற்க மாட்டேன் என்கிறது. புண்ணுக்கு மருந்து போடுகிற நேரமெல்லாம் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. இரண்டு தடவை பரிசோதனைக்கு அனுப்பினார், ஒன்றுமில்லை என்று வந்தது. மாத்திரை கொடுத்தார். வெல்லத்தில் பொதிந்து அந்த மாத்திரையைக் குதிரை வாயில் வைத்தது நாட்ராயன்தான். "ஏன்னே தெரியல நாட்ராயன், எல்லாம் சரியா இருக்கு" என்று நேற்றுக்கூடச் சொன்னார். திரவியத்துக்கும் ஒரு ஆச்சரியம் உண்டு. "நீங்க போன பெறவும் ஒரு மணி நேரம் அப்படியே நிக்கி அண்ணாச்சி. தீவனத்தக்கூட திரும்பிப் பாக்க மாட்டேங்கு. ஒங்களத்தான் தேடுது" என்பான். அதையும் நாட்ராயன் சோற்றோடு சேர்த்து மென்றிருந்தான்.

காதுகுத்து நடந்தது மாசியில். மகள் தாரணிக்கு மூன்று வயது. ஆசாரி ஊசியை எடுத்ததுமே பிள்ளை வீடே அதிர அழுதது, வேலாத்தாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அப்போது வேலாத்தாள் பிள்ளையைச் சமாதானப்படுத்த, பாரு, அம்மிணிக்கும் குத்தறாங்க பாரு, அம்மிணி அழுவாது பாரு என்று ஆசாரியைக் குதிரைக் கொட்டாய்க்கு அழைத்துப்போனாள். ஆசாரி தயங்கினார், உதைத்துவிடுமே என்றார். நாட்ராயன்தான் நாக்கைத் தட்டி, குத்துங்க ஆசாரி, நானிருக்கேன் என்றான். ஊசி இறங்கியது. குதிரை மயிரிழைகூட அசையவில்லை. ஆசாரி அதிசயப்பட்டுப் போனார். குழந்தை கத்துது, குதிரை கத்தலையே, என்ன வளர்ப்பு வளர்த்திருக்கீங்க என்றார். நாட்ராயனுக்குப் பெருமை தாங்கவில்லை. வேலாத்தாள் தன் பழைய பாசிமாலையிலிருந்து ஒரு நீல மணியைப் பிரித்துக் கண்ணு படாமல் இருக்க என்று அந்த ஓட்டையில் கோத்துவிட்டாள். கோத்துவிட்டுக் குதிரையின் நெற்றியில் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். என்னடி பேசிக்கறீங்க ரெண்டு பேரும் என்று அவன் கேட்டான். ஒண்ணுமில்லீங்க என்றாள். உடனே விலகி, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். அந்தச் சுவரோர நிற்பு இப்போது எங்கிருந்து வந்து கண்ணுக்குள் நிற்கிறது. ஒன்பது வருஷம் வராதது. பெருமை மட்டும்தான் இத்தனை நாள் வந்துகொண்டிருந்தது. குதிரையின் பெருமை, வளர்ப்பின் பெருமை.

வளர்ப்பு. என்ன வளர்த்தான்? பக்தர்கள் வண்டியில் ஏறுகிறபோது குதிரை ஒரு அடி முன்னால் வைத்தாலும் ஆள் விழுந்துவிடும். வயதானவர்கள், மொட்டை போட்ட பிள்ளைகளைத் தூக்கிவருகிறவர்கள். நிற்கிற குதிரைக்குத்தான் சவாரி. மற்ற வண்டிக்காரர்கள் முன்னால் நின்று கடிவாளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். நாட்ராயன் பிடிக்க மாட்டான், பீடி பற்றவைத்துக்கொண்டு தூர நிற்பான், அதுதான் அவன் தொழில் சாமர்த்தியம். அதைக் கற்றுக்கொடுக்க ஒரு சித்திரை மாசம் முழுவதும் பிடித்தது. இடது காதின் அடியில் மெல்லிய கயிற்றைச் சுருக்குப் போட்டு, கயிற்றில் ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கவேண்டும். முறுக்க முறுக்கக் குதிரைக்குக் கண் வெளியே வரும். நாக்கை இரண்டு தரம் தட்டி நில்லு என்று சொல்லவேண்டும். அசைந்தால் இன்னும் ஒரு முறுக்கு. முழங்காலுக்குக் கீழே எலும்பில் சங்கிலியால் ஒன்று. அசையாவிட்டால் முறுக்கைத் தளர்த்துவது கிடையாது, கூட்டாமல் விடுவது, அவ்வளவுதான். ஒரு மாசத்தில் கயிறு வேண்டியிருக்கவில்லை. நாக்குச் சத்தமே போதும். நாட்ராயன் விரல் இப்போது தானாகக் காதின் அடிக்குப் போனது. மயிர் முளைக்காத ஒரு வளையம் அங்கே இருந்தது, சுற்றிவர, விரலுக்கு வழுவழுவென்று. மூன்று வாரமாக இந்த வளையத்தைப் பார்த்து, எந்தப் பாவி செஞ்சானோ என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் சொன்னான். நன்றாக நினைவிருக்கிறது, டாக்டரம்மா எதிரிலேயே சொன்னான், அவன் கையில புழு வெக்க என்று. மருந்து போட்டுக்கொண்டே சொன்னான். அவன் தன் கையைப் பார்த்தான், வயலட் சாயம் ஏறி விரலெல்லாம் கருநீலமாக இருந்தது.

அப்போது காலில் சூடாக எதுவோ பட்டது. குதிரையின் சிறுநீர். சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு, மண்ணில் விழுந்து அவன் கணுக்காலில் தெறித்தது. நாட்ராயன் குனிந்து பார்த்தான். குனிந்தவன் குதிரையின் முழங்காலைப் பார்த்தான். முழங்காலுக்கு மேலே தோல் நடுங்கிக்கொண்டிருந்தது. கால் நடுங்கவில்லை, கால் கல் மாதிரி நின்றது, தோல் மட்டும், அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்கு முன்னால் ஏடு நடுங்குமே, அந்த மாதிரி நடுங்கியது. இத்தனை நாள் இதை ஈ கடிக்கிறது என்று நினைத்திருந்தான். எழுந்து, இடது கண்ணைப் பார்த்தான். கண் அவனைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கையை வலப்பக்கம் நகர்த்தினான், கண்ணும் நகர்ந்தது. இடப்பக்கம் கொண்டுவந்தான், கண்ணும் வந்தது. தலை அசையவில்லை, கண் மட்டும். இந்தக் கண்ணை அவனுக்குத் தெரியும். தலை அசையாமல் கை போகிற பக்கம் போகிற கண். குதிரையிடம் மட்டும் பார்த்த கண் இல்லை அது. ஐயோ என்று இருந்தது அவனுக்கு. இந்தச் சொல்லைச் சொல்லித்தான் ஆகவேண்டும், வேறு சொல் இல்லை. அப்பா வந்தா அம்மா அசையாம நிப்பாங்க. தாரணி கோர்ட்டில் சொன்னது. பதினொரு வயதுப் பிள்ளை, பள்ளிக்கூடச் சீருடையில், கூண்டுக் கம்பிக்கு மேலே தலை மட்டும் தெரிய நின்றுகொண்டு. வீட்டில் சண்டை வருமா என்று ஜட்ஜ் கேட்டார். சண்டையெல்லாம் வராதுங்க சார், அப்பா வந்தா அம்மா அசையாம நிப்பாங்க என்றது. நாட்ராயனுக்கு அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு நடந்தும் பிள்ளை நம்மை விட்டுக்கொடுக்கவில்லையே, நமக்காகச் சொல்கிறதே, புருஷனுக்கு எவ்வளவு மரியாதை கொடுத்த குடும்பம் என்று சபையில் சொல்கிறதே என்று. அந்த ஒரு வாக்கியத்தை ஒன்பது வருஷமாகச் சட்டைப்பையில் வைத்திருப்பதுபோல வைத்திருந்தான். திரவியத்திடம்கூடப் பல தடவை சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டதும் ஜட்ஜ் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார், அவனுடைய வக்கீலே ஏன் தலையைக் குனிந்துகொண்டார், பிள்ளை அதற்குப் பிறகு ஏன் ஒரு தடவைகூட மனு போட்டுப் பார்க்க வரவில்லை என்பது மட்டும் அவனுக்குப் புரிந்ததே இல்லை.

ஒரு அடி நகர்ந்திருந்தால் பிழைத்திருப்பாள். இதுதான் அவன் ஒன்பது வருஷமாகச் சுற்றிவருகிற இடம். செக்கு மாடு மாதிரி அதே தடம்தான். கொள்ளு அடிப்பிடித்துவிட்டது. அவ்வளவுதான் காரணம், குதிரைக்கு வைத்த கொள்ளு, மத்தியான வெயிலில் நாலு சவாரி போய்விட்டு வந்தவன் மூக்கில் அந்தக் கருகல் வாடை ஏறியது. கொட்டாய்க் கதவுக்குக் குறுக்கே போடுகிற வேலமரக் கட்டை கைக்கு எட்டியது. அவளைக் கொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை, இதை எத்தனையோ பேரிடம் சத்தியம் செய்திருக்கிறான், அது உண்மையும்கூட. ஓங்கினான். ஓங்கினால் யாரும் என்ன செய்வார்கள்? கையைத் தூக்கித் தடுப்பார்கள். பின்னால் போவார்கள். ஓடுவார்கள், கத்துவார்கள், கதவு திறந்துதான் கிடந்தது. வேலாத்தாள் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கவிட்டு நேராக நின்றாள், கட்டை வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏன்டி நகரல, ஒரு அடி நகர்ந்திருக்கக் கூடாதா, நீ நகர்ந்திருந்தா நான் இங்க வந்திருப்பனா என்று அவளைத் திட்டியிருக்கிறான், செத்தவளை, இங்கே கடலைக்காட்டில் களை பிடுங்கிக்கொண்டே வாய்விட்டுத் திட்டியிருக்கிறான். பிடிவாதக்காரி என்று முடிவு கட்டியிருந்தான். விழுந்தவளைத் தூக்கப்போனபோது தரை ஈரமாக இருந்தது. ரத்தம் அந்தப் பக்கம் ஓடியது, இந்தப் பக்கம் வேறு ஈரம், புடவையெல்லாம் நனைந்து. தண்ணீர்க் குடம் சாய்ந்துவிட்டது என்று நினைத்தான். குடம் சாயவில்லை. குடம் மூலையில் நிறைய இருந்தது. அதைக்கூடப் பார்த்தான், பார்த்தது நினைவில் இருக்கிறது. ஒரு நாளும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. கம்பத்தில் கட்டியிருந்த குதிரையும் அப்போது அங்கேதான் நின்றது. அதுவும் அசையவில்லை. அவளுக்குப் பக்கத்தில், அவளைப் போலவே, நேராக. இரண்டையும் நிற்கப் பழக்கியது அவன்தான்.

நாட்ராயனுக்குக் கொட்டகைக் கூரை தாழ இறங்கிவிட்டதுபோல இருந்தது. வெளியே காளை ஒன்று தொண்டையைச் செருமியது, திரவியம் வாளியை மறுகைக்கு மாற்றினான், எல்லாம் நடந்துகொண்டே இருந்தது, இவனுக்கு மட்டும் ஒன்பது வருஷம் ஒரு நிமிஷத்துக்குள் வந்து விழுந்தது. பிறகு அந்த நினைப்பு வந்தது. வராமல் இருக்குமா, மனுஷன்தானே. யாருக்குத் தெரியும்? ஓட்டை யாருக்குத் தெரியும்? கோத்தவள் இல்லை. ஆசாரி செத்துப்போயிருப்பார். பார்த்த பிள்ளை இந்தப் பக்கமே வருவதில்லை. குதிரை பேசாது. காதில் மஞ்சளைக் கொஞ்சம் கெட்டியாக அப்பினால் ஓட்டையும் மூடிக்கொள்ளும். கையெழுத்துப் போட்டால் பத்து மணிக்கு ஜீப், திங்கட்கிழமை குழு, ஆனைமலைப் பண்ணை. அங்கே இந்தக் குதிரையை உட்கார்த்திவைத்துச் சோறு போடலாமே, செய்ததற்கெல்லாம் பரிகாரமாக இருக்குமே, ஒரு நாளும் கை ஓங்க மாட்டேனே. நன்றாகத்தான் இருந்தது நினைப்பு. அப்படி நினைத்துக்கொண்டே குதிரையின் பிடரியைத் தடவக் கையைத் தூக்கினான். கை மேலே போனதும் குதிரையின் கண் மூடிக்கொண்டது. சொட்டுவது நின்று ஒழுகத் தொடங்கியது. கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நாட்ராயன் அந்த மூடிய கண்ணைப் பார்த்தான். பண்ணையில் தினம் காலையில் இவன் முகத்தைப் பார்க்கவேண்டும் இது. தினம் நிற்கவேண்டும். பரிகாரம் யாருக்கு?

"முடிஞ்சுதா நாட்ராயன்?" என்று டாக்டர் ஜெசிந்தா காகிதங்களோடு வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். "ஒரு போட்டோவும் எடுத்து வச்சிடலாம். அதுகூட நீங்க நிக்கற மாதிரி. அப்புறம் இங்க ஒரு கையெழுத்து." நாட்ராயன் கையை மெல்ல இறக்கினான். "எழுதுனத மாத்தோணுமுங்க டாக்டரம்மா" என்றான். அவர் புரியாமல் பார்த்தார். "அது என்னைய நம்பி நிக்கலீங்க. பயந்துட்டு நிக்குது." அடக்கத்துக்குச் சொல்கிறான் என்று அவர் நினைத்துவிட்டார், அது முகத்தில் தெரிந்தது. "நீங்க அப்படிச் சொல்லாதீங்க, நாங்கதான் பாக்கறமே" என்றார். "இது எங்குதிரைங்க." குரல் தன்னுடையதுபோல இல்லை அவனுக்கு. "காதுல இந்த ஓட்டைய குத்தும்போது நான் பக்கத்துல நின்னனுங்க. அடிக்காதுல இருக்கற தழும்பு கயிறு போட்டு முறுக்குனது. முறுக்குனது நானுங்க. ஒரு மாசம் முறுக்கி நிக்கப் பழக்குனேன். நீங்க மாத்திரை குடுத்தீங்களே, அது வியாதி இல்லீங்க, நான் கிட்ட வந்தா போகுது. முழங்காலைப் பாருங்க." டாக்டர் ஜெசிந்தா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திரவியம் வாளியைக் கீழே வைத்துவிட்டான். "என் சம்சாரமும் இப்படித்தானுங்க நின்னா" என்றான் நாட்ராயன். "ஓங்குனப்ப நகரவே இல்ல. ஏன் நகரலைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. கோர்ட்ல எம்புள்ள சொல்லுச்சு, எனக்குப் புரியல." டாக்டர் எழுந்தபோது சிரிப்பு எங்கோ போயிருந்தது. ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார், தெரிந்து நகர்ந்தாரா தெரியாமல் நகர்ந்தாரா, நாட்ராயன் அந்த ஒரு அடியைப் பார்த்தான். நகரத் தெரிந்தவர், நல்லது என்று நினைத்தான். "இத நான் எழுதினா திங்கக்கிழமை உங்க பேர் வராது" என்றார் அவர். "தெரியுமுங்க. எழுதுங்க. பண்ணைக்கு அத மட்டும் அனுப்புங்க."

குதிரை நின்றுகொண்டே இருந்தது. "இது எவ்வளவு நேரம் இப்படி நிக்கும்?" என்று டாக்டர் கேட்டார். "நான் விடற வரைக்குமுங்க." "அப்ப விடுங்க. போன்னு சொல்லுங்க." நாட்ராயன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. தேடிப் பார்த்தான், நாக்கின் அடியில், தொண்டையில், இருபது வருஷத்தில். நில்லுக்குச் சொல் இருந்தது, நாக்குச் சத்தம் இருந்தது. போ என்பதற்கு அவனிடம் ஒன்றுமே இருந்ததில்லை. "சொல்லு இல்லீங்க" என்றான். "சாட்டையில ஒண்ணு போடுவேன். அப்பத்தான் நகரும். அதுக்குத்தானுங்க நின்னுட்டிருக்குது." திரவியம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்று வாரமாகத் தினம் ஒரு மணி நேரம் அது எதற்காகக் காத்து நின்றது என்பது அவனுக்கும் இப்போதுதான் தெரிந்தது. நாட்ராயன் பஞ்சையும் மஞ்சளையும் திண்டில் வைத்தான். சத்தமில்லாமல் பின்பக்கமாக நடந்து, படலைத் தாண்டி, கொட்டகையை விட்டு இறங்கினான். குதிரைக்கு வலது கண் இல்லை, அந்தப் பக்கமாகவே போனான். முப்பது நாற்பது அடி தள்ளி, கடலைக்காட்டு வரப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வெயில் நேராக முகத்தில் அடித்தது. ஜீப் கிளம்புகிற சத்தம் அலுவலகத்துப் பக்கம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. வியர்வை கழுத்தில் இறங்கியது, துடைக்கவில்லை. கால் மரத்தது, மாற்றவில்லை. எவ்வளவு நேரமோ. கடைசியில் திரவியத்தின் குரல் தாழ, மிகத் தாழக் கேட்டது. "அண்ணாச்சி. குதிரை ஒரு கால மாத்திட்டுது." திரும்பிப் பார்க்கவேண்டும் என்று உடம்பெல்லாம் இழுத்தது. பார்த்தால் நின்றுவிடும். வைக்கோல் அசைகிற சத்தம் லேசாகக் கேட்டது. நாட்ராயன் இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கவிட்டு, அசையாமல் நின்றான்.